சிறைவாசலில் நிற்கும் புத்தகம்

சிறையில் இருக்கும் ஒருவருக்கு வெளியிலிருந்து ஒரு புத்தகத்தை அனுப்ப முடியுமா? முடியும் என்றால், அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை எப்படி அறிவது? சேரவில்லை என்றால் யாரிடம் கேட்பது? எளிய கேள்விகள்தாம். ஆயினும் அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ இவற்றுக்குத் தெளிவாக விடை சொல்லக் கூடியவர் அரிது. வழக்கறிஞரிடம் போனால் பேச்சு பிணையைப் பற்றியதாகிவிடும். பிணையே கிடைக்காதவனுக்குப் புத்தகம் எதற்கு என்ற எண்ணம் கேட்பவருக்கும் உண்டு, சொல்பவருக்கும் உண்டு.

நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி. பொய்த்தால் சீமைக்கருவேலங் கரிமூட்டம், அருப்புக்கோட்டைத் தறி, அதுவும் இல்லையேல் வெளியூர்ப் பிழைப்பு. வரப்புத் தகராறு, கண்மாய்த் தகராறு, கொடையில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறு, இவற்றில் ஏதோ ஒன்றில் சிக்கி ஆண்டுதோறும் சில இளைஞர்கள் உள்ளே போகிறார்கள். மதுரை மத்தியச் சிறை அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இன்னும் கூடுதல். 'மனுப் போட்டுப் பார்ப்பது' என்று நம் ஊரார் சொல்லும் அந்தச் சந்திப்புக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போய்விடும். கம்பிவலைக்கு இருபுறமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் சில நிமிடங்களுக்கு அவ்வளவு விலை. தொலைபேசியும் காணொளிச் சந்திப்பும் இப்போது வந்திருக்கின்றன, நல்ல ஏற்பாடுகளே. எனினும் திரும்பத் திரும்பப் படிக்கக் கூடியது எழுத்து ஒன்றுதான்.

கரிசல் சீமையில் கடிதத்துக்குக் 'கடுதாசி' என்று பெயர். கி. ராஜநாராயணன் அந்தச் சொல்லைத் தம் நூலின் தலைப்பிலேயே வைத்து நிலைநிறுத்திவிட்டார். சிறைக்குப் போகும் கடுதாசிகளில் என்ன இருக்கும்? மழை பெய்ததா, ஆடு ஈன்றதா, தங்கைக்கு வரன் வந்ததா, வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தாயிற்று, இவ்வளவுதான். எழுதத் தெரியாத தாய்மார் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்பார்கள். ஆக, அந்தக் கடுதாசியை முதலில் ஒரு பள்ளி மாணவி படிக்கிறாள். பிறகு ஒரு சிறை அலுவலர் படிக்கிறார். மூன்றாவதாகத்தான் மகன் படிக்கிறான். முதல் வாசிப்பு தாயின் சம்மதத்தோடு நடப்பது. இரண்டாவது வாசிப்பின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, எதுவரை செல்கிறது என்பதே நாம் இங்குப் பேச விரும்புவது.

இந்தியச் சிறைகளை நெடுங்காலமாக ஆண்டுவந்திருப்பது 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம். விதிகளுக்கு மாறாகத் தடைசெய்யப்பட்ட பொருளை உள்ளே கொண்டு செல்வதும், கைதியோடு தொடர்புகொள்வதும் அதன் 42ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கஞ்சாப் பொட்டலமும் கடிதமும் ஒரே பிரிவுக்குள் அடுத்தடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் கீழ் மாநிலங்கள் விதிகள் வகுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் சிறை விதிகள். மாநிலத்துக்கு மாநிலம் வாசகம் மாறினாலும் சாரம் ஒன்றே: கடிதமோ நூலோ கண்காணிப்பாளர் பார்வைக்குப் பின்னரே கைதியைச் சேரும், 'ஆட்சேபகரமானது' என அவர் கருதினால் நிறுத்திவைக்கலாம். 'ஆட்சேபம்' என்ற வடசொல்லுக்குத் தமிழில் தடை, மறுப்பு என்று பொருள் சொல்கிறோம். அப்படியானால் 'ஆட்சேபகரமானதைத் தடுக்கலாம்' என்ற விதி, தடுக்கத் தக்கதைத் தடுக்கலாம் என்று சொல்லி நின்றுவிடுகிறது. இலக்கணத்தில் இதைக் கூறியது கூறல் என்ற குற்றத்தில் சேர்ப்போம். சட்டத்தில் இது தன்விருப்பம் என்ற அதிகாரமாகிவிடுகிறது.

விதிகள் இப்படி இருக்க, நீதிமன்றங்கள் வேறு திசையில் வெகுதூரம் போயிருக்கின்றன. அந்தப் பயணம் நம் மாநிலத்திலிருந்தே தொடங்கியது என்பது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி.

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்தனர். மூன்று வாரம் கழியுமுன், மார்ச் 1ஆம் நாள், பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26 அன்று வந்த தீர்ப்பு, பரவுவதற்கான உரிமை இல்லாமல் வெளியிடும் உரிமைக்கு மதிப்பில்லை என்ற கருத்தை நிறுவி அந்தத் தடையை நீக்கியது. ஒரு மாகாணத்தின் எல்லையில் ஓர் இதழைத் தடுக்க அரசால் இயலவில்லை. அதே இதழைச் சிறையின் வாசலில் தடுக்க ஓர் அலுவலரின் ஒற்றைச் சொல் போதுமானதாக இருந்தது. அந்த இரண்டாவது வாசலைப் பற்றி நீதிமன்றம் பேச மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

பேச வைத்தவர் பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பம்பாயில் தடுப்புக் காவலில் இருந்த அவர், உள்ளே இருந்தபடியே மராத்தியில் ஒரு நூல் எழுதினார். அரசைக் கவிழ்க்கும் நூலன்று. அணுவின் உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கும் அறிவியல் நூல். அந்தக் கையெழுத்துப் படியை அச்சிடுவதற்காக மனைவிக்கு அனுப்ப அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். மறுப்புக்கு அரசு நீதிமன்றத்தில் சொன்ன வாதம் சுவையானது: தடுப்புக் காவலில் இருப்பவருக்கு என்னென்ன வசதிகள் உண்டு என்று விதிகள் பட்டியல் இட்டிருக்கின்றன; புத்தகம் எழுதி வெளியே அனுப்பும் வசதி அந்தப் பட்டியலில் இல்லை; ஆகவே அவருக்கு அது கிடையாது.

உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 1965 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. நீதிபதி சுப்பா ராவ் எழுதிய அந்தத் தீர்ப்பின் நுட்பத்தை நம் மாணவர்களுக்கு விளக்க ஓர் உவமை சொல்வது நம் வழக்கம். வாடகை வீட்டுக்காரர் ஒருவர், 'இந்த வீட்டில் பாடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லையே, நீ ஏன் பாடுகிறாய்?' என்று கேட்டால் எப்படி இருக்கும்? பாடக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சிறையில் இருப்பவருக்கு எந்த உரிமை எடுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சட்டத்தில் காட்ட வேண்டிய பொறுப்பு அரசைச் சார்ந்தது. தமக்கு எந்த உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கைதி காட்ட வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பு வந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் சிறைவாசலில் கேட்கப்படுவது 'இதற்கு அனுமதி எங்கே?' என்ற கேள்விதான்.

பின்வந்த தீர்ப்புகளில் இரண்டை மட்டும் சொல்கிறோம். 1979 டிசம்பரில் வந்த சுனில் பத்ரா வழக்கின் தொடக்கம் ஒரு கடிதம். திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்தவர், இன்னொரு கைதியைச் சிறைக்காவலர் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதினார்; அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். சிறைகளில் குறைதீர் பெட்டிகள் வைத்து, அவற்றை மாவட்ட ஆட்சியரும் அமர்வு நீதிபதியும் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் வழி சொல்லப்பட்டது. (கிருஷ்ணய்யரே 1948ல், மலபார் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், ஏறத்தாழ ஒரு மாதம் சிறையிலிருந்தவர். சிறையின் உட்சுவரைக் கண்ட நீதிபதிகள் நமக்கு அதிகம் வாய்த்ததில்லை.) அந்தக் கடிதத்தை ஒரு தணிக்கை அலுவலர் 'நிர்வாகத்தைக் குறை கூறுகிறது' என்று மேசை இழுப்பறையில் போட்டிருந்தால், இந்தியச் சிறைச் சீர்திருத்தச் சட்டவியலின் பாதி பிறந்தே இராது.

அடுத்தது, 1981 ஜனவரியில் பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில் பி.என். பகவதி அளித்த தீர்ப்பு. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழ்வு என்பது விலங்கு உயிர்த்திருப்பது போன்றதன்று; உணவு, உடை, உறையுளோடு, படிப்பதற்கும் எழுதுவதற்கும் தன்னைப் பலவாறு வெளிப்படுத்திக்கொள்வதற்குமான வசதிகளும் அதில் அடங்கும் என்று அவர் விளக்கினார். வாசிப்பை உணவோடு ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு அது. வழக்குத் தொடுத்தவர் கடத்தல் தடுப்புச் சட்டத்தில் தடுத்துவைக்கப்பட்ட ஓர் அயல்நாட்டுப் பெண்.

தமிழ் வாசகர்கள் நன்கறிந்த வழக்கு இன்னொன்று உண்டு. அறிந்தும் அதன் பொருளைச் சரியாக வாங்கிக்கொள்ளாத வழக்கு. ஆட்டோ சங்கர் என்ற பெயரைச் சொன்னால் ஒரு தலைமுறைக்கே அருவருப்பு வரும். கொலைக் குற்றங்களுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர். செங்கல்பட்டுக் கிளைச் சிறையில் இருந்தபோது ஏறத்தாழ 300 பக்கத்தில் தம் வாழ்க்கையை எழுதினார் என்றும், அதைச் சிறை அலுவலர் அறியவே மனைவியிடம் கொடுத்தார் என்றும், அதில் காவல்துறை உயர் அலுவலர் சிலரோடு தமக்கிருந்த நெருக்கத்தைச் சொல்லியிருந்தார் என்றும் 'நக்கீரன்' இதழின் தரப்பு கூறியது. இதழ் தொடராக வெளியிட முற்பட்டபோது, 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது: அந்தத் தன்வரலாறு பொய்யானது, கைதி எழுதியதன்று, சிறை விதிகளுக்கு மாறானது, வெளியிடக் கூடாது.

இதழாசிரியர் ஆர். ராஜகோபால் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி அளித்த தீர்ப்பு இன்று அந்தரங்க உரிமைக்கான முன்னோடித் தீர்ப்பாகவே பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் மறுபாதி நமக்கு இங்கே முக்கியம். தமக்கு அவதூறு நேரும் என்று அஞ்சி ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுத்துநிறுத்த அரசுக்கோ அதன் அலுவலர்க்கோ அதிகாரம் இல்லை. வெளிவந்த பின் அவதூறு என்று கருதினால் வழக்குத் தொடரலாம். அவ்வளவுதான். 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசினால் 'அவனுக்கெல்லாம் என்ன உரிமை?' என்று கேட்கிறார்கள். இயல்பான கேள்வி. செத்துப்போனவர்களின் உறவினர் கேட்டால் நாம் தலைகுனிந்துதான் நிற்போம். ஆனால் அந்தத் தீர்ப்பால் பயன்பெற்றவர் அவர் மட்டுமல்லர். கொலையாளி ஒருவர் அதிகாரத்தில் இருப்போரோடு கொண்டிருந்ததாகச் சொன்ன தொடர்பை அறியும் வாய்ப்பு வாசகர்க்குக் கிடைத்தது. கடிதத் தணிக்கையில் எப்போதும் இரண்டு பேருக்கு இழப்பு நேர்கிறது. சிறைக்குள் இருப்பவர் ஒருவர், வெளியில் இருக்கும் நாம் மற்றவர்.

நம் இலக்கியத்துக்கும் சிறைக்கும் உள்ள உறவு பழையது. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்தில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டுக் காலம் தாழ்த்திப் பெற்று, அதைப் பருகாமல் பாடிவிட்டு உயிர்விட்ட பாட்டு புறநானூற்றில் 74ஆம் பாட்டாக இருக்கிறது. வகுப்பில் இதை மானத்துக்கு எடுத்துக்காட்டாகவே நடத்துவோம். வேறொன்றையும் எண்ணிப் பார்க்கலாம்: நீரைத் தாமதித்த காவலர் பாட்டைத் தடுக்கவில்லை. யாரோ ஒருவர் கேட்டு, வெளியே கொண்டுவந்து, தொகுப்பில் சேரும்வரை அது வாய்வழி வந்திருக்கிறது. தமிழில் நமக்குக் கிடைத்த முதல் சிறை எழுத்து அதுவே என்று நாம் கருதுகிறோம்.

பின்னாளில் வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையில் 'மெய்யறம்' எழுதினார். வேலூர்ச் சிறையில் இராஜாஜி நாட்குறிப்பு எழுதினார். நம் காலத்தில், தூக்குத் தண்டனை பெற்றுப் பின் அது குறைக்கப்பட்டு நெடுங்காலம் சிறையில் இருந்த தியாகு, மார்க்சின் 'மூலதன'த்தை உள்ளிருந்தே தமிழாக்கினார். தடித்த அந்த நூலின் மூலப்பிரதி சிறைக்குள் போகாமல் அந்தத் தமிழ் நூல் வந்திருக்க முடியுமா?

இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தலைவர்களும் எழுத்தாளர்களும் சிறை செல்லும்போது புத்தகங்கள் பின்னாலேயே போகின்றன. பெயரும் செல்வாக்கும் வாசலைத் திறக்கின்றன. நரிக்குடிப் பக்கம் ஆட்டுக் களவு வழக்கில் உள்ளே போன இருபது வயதுப் பையனுக்கு அந்த வாசல் அப்படித் திறப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். சட்டத்தின் கண்ணில் இவர்கள் இன்னும் குற்றவாளிகள் அல்லர். இவர்களுக்கு வரும் புத்தகத்தைத் தடுப்பது எந்தத் தண்டனையின் பகுதி?

பெயர் பெற்றவர்களுக்கே கூட இப்போது வாசல் எளிதில் திறப்பதில்லை. பீமா கோரேகான் வழக்கில் தளோஜா சிறையில் இருந்த கௌதம் நவ்லகாவுக்குக் குடும்பத்தார் அனுப்பிய பி.ஜி. வோட்ஹவுசின் நகைச்சுவை நூல் பாதுகாப்புக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டதாக 2022 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. இது வேடிக்கையாக இருக்கிறது என்றனர் நீதிபதிகள். அதே வழக்கில் பைக்குல்லா சிறையில் இருந்த சுதா பரத்வாஜ், மாதம் ஐந்து நூல்கள் வெளியிலிருந்து பெற 2021ல் தனி நீதிமன்றத்தின் ஆணையை வாங்க வேண்டியிருந்தது. அவற்றிலும் ஆட்சேபகரமானவை இருக்கின்றனவா எனக் கண்காணிப்பாளர் பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு. வழக்கறிஞரான அவரால் மனுப் போட முடிந்தது.

தலைப்பை வைத்து ஒரு நூலை எடைபோடுவதன் இடர்ப்பாட்டுக்கு அதே வழக்கிலேயே சான்று இருக்கிறது. 2019 ஆகஸ்டில், வீட்டில் 'போரும் அமைதியும்' ஏன் வைத்திருந்தீர் என்று நீதிபதி கேட்டதாகச் செய்தி வந்து நாடே டால்ஸ்டாய்க்காகக் கொதித்தது. தாம் குறிப்பிட்டது அதே தலைப்புச் சொற்களோடு தொடங்கும் ஜங்கல்மகால் பற்றிய வேறொரு நூலை என்று நீதிபதி மறுநாள் விளக்கினார். விளக்கத்தை ஏற்கலாம். திறந்த நீதிமன்றத்தில் ஒரு தலைப்பு இவ்வளவு குழப்பத்தைத் தரும் என்றால், எவரும் பார்க்காத சிறை அலுவலக மேசையில் என்னென்ன நடக்கும்?

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் நண்பர்களும் சேர்ந்து, தென்மாவட்டச் சிறை ஒன்றில் விசாரணைக் கைதியாக இருந்த நம் முன்னாள் மாணவர் ஒருவருக்கு ஒரு சிப்பம் அனுப்பினோம். நாட்டுப்புறக் கதைத் தொகுதி ஒன்று, தேர்வுக்கான இலக்கணக் கையேடு ஒன்று, சிற்றிதழ் இரண்டு. கதைகளும் இலக்கணமும் போய்ச் சேர்ந்தன. சிற்றிதழ்கள் நாற்பது நாள் கழித்து, உறையின் மேல் 'ஏற்பதற்கில்லை' என்ற சிவப்பு மை எழுத்தோடு திரும்பிவந்தன. கையெழுத்து இல்லை, தேதி இல்லை, காரணம் இல்லை. இரண்டு இதழ்களையும் அட்டையிலிருந்து அட்டைவரை படித்துப் பார்த்தோம். ஒன்றின் முகப்பில் முள்வேலி ஓவியம் இருந்தது, அதுவா? பத்தொன்பதாம் பக்கத்தில் காவல்நிலையம் வரும் ஒரு சிறுகதை, அதுவா? அந்தத் தேடலின் பக்கவிளைவு ஒன்றை நண்பர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: அடுத்த முறை அனுப்ப நூல் தேர்ந்தபோது, நாமே அந்தத் தணிக்கை அலுவலரின் கண்களால் படிக்கத் தொடங்கியிருந்தோம். காரணம் சொல்லாத தடை செய்யும் வேலை இதுதான். தடுத்த இதழ் இரண்டு. அனுப்பத் துணியாமல் விட்டவை அதைவிடப் பல.

மறுதரப்பையும் கேட்க வேண்டும். சிறைக் கண்காணிப்பாளரின் வேலை எளிதன்று. சாட்சிகளை மிரட்டும் கடிதங்கள் வெளியே போவதுண்டு. நூலின் முதுகுக்குள் போதைப்பொருளும் அலைபேசி அட்டையும் வருவதுண்டு. காகிதத்தையே போதைக் கரைசலில் தோய்த்து அனுப்பும் வித்தையும் உலகில் பரவிவிட்டது; அதைக் காரணம் காட்டி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2018ல் சிறைக் கடிதங்களை வேறொரு மாநிலத்துத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பி, நகலெடுத்து, அந்த நகலை மட்டும் கைதிக்குக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. குழந்தை வண்ணக்கோலால் வரைந்த படத்தின் நகல் மட்டும் தகப்பன் கைக்கு வரும். இந்த அளவுக்குப் போவதை நாம் ஏற்கவில்லை என்றாலும், சிப்பத்தைப் பிரித்துச் சோதிப்பதில் எவர்க்கும் மறுப்பு இருக்க முடியாது. பொருளைச் சோதிப்பது வேறு, கருத்தைச் சோதிப்பது வேறு. முன்னதற்கு மோப்ப நாய் போதும். பின்னதற்கு ஒரு வாசகர் வேண்டும். அந்த வாசகர் தம் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 2013 நவம்பரில் புது விதி ஒன்று வந்தது. நன்னடத்தைக்குச் சலுகை தரும் திட்டத்தின் பகுதியாக, குடும்பத்தார் கைதிகளுக்குச் சிப்பம் அனுப்புவது ஏறத்தாழ முழுவதும் நின்றது. புத்தகமும் அதோடு நின்றது. கவிஞர் கேரல் ஆன் டஃபி உள்ளிட்ட எழுத்தாளர்கள் லண்டன் சிறை ஒன்றின் முன் நின்று கவிதை வாசித்து எதிர்த்தார்கள். வழக்குத் தொடுத்தவர் ஒரு பெண் கைதி. 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடை சட்டத்துக்குப் புறம்பானது என்றது. புத்தகத்தைச் சலுகை என்று அழைப்பதே விந்தையானது என்று நீதிபதி கருதினார். நம் சிறைக் கையேடுகளில் 'வசதிகள்', 'சலுகைகள்' என்ற தலைப்புகளின் கீழ்த்தான் கடிதமும் வாசிப்பும் வருகின்றன. ஐ.நா.வின் 2015ஆம் ஆண்டு மண்டேலா விதிகளோ, கைதி நாளிதழும் பருவ இதழும் படித்து நாட்டுநடப்பை அறிய வேண்டும் என்றும் (63), ஒவ்வொரு சிறையிலும் நூலகம் இருக்க வேண்டும் என்றும் (64) கட்டளையாகச் சொல்கின்றன.

நாம் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974ல் புரோக்குனியர் எதிர் மார்ட்டினெஸ் வழக்கில் ஒரு நடைமுறையை ஏற்றது. கலிபோர்னியச் சிறை விதிகள், 'அளவுக்கு மீறிக் குறை சொல்லும்' கடிதங்களைத் தடைசெய்திருந்தன. அந்த விதிகள் வீழ்ந்தன. (உள்ளே வரும் இதழ்கள் விஷயத்தில் அதே நீதிமன்றம் 1989ல் சற்றுப் பின்வாங்கி, சிறை நிர்வாகத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்தது, அந்நாட்டைப் பின்பற்றத் தக்க முன்மாதிரியாக நாம் முழுமையாகக் கொள்ளவில்லை.) 1974ன் நடைமுறை இதுதான்: கடிதம் நிறுத்தப்பட்டால் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும், எழுதியவர்க்கு மறுப்புச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும், அந்த மறுப்பை, முதலில் தடுத்த அலுவலர் அல்லாத வேறொருவர் கேட்க வேண்டும். நம் நாட்டுக் கையேடுகள் சிலவற்றில் கைதிக்குத் தெரிவிக்கும் வழக்கம் எழுதப்பட்டிருக்கிறது. தெரிவித்தால் மட்டும் போதாது. எந்த நூல், எந்தப் பக்கம், எந்த விதி, யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளுக்குள், இவை ஒரு தாளில் எழுதப்பட்டுக் கையொப்பத்தோடு இரு தரப்புக்கும் வர வேண்டும். காரணத்தை எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முள்வேலி ஓவியத்துக்காக ஓர் இதழைத் திருப்பி அனுப்ப எந்த அலுவலரும் கூசுவார்.

தமிழ்நாட்டுச் சிறைத்துறையிடம் இதைக் கேட்பதற்கு இதுவே தக்க காலம் என்று சொல்ல வேண்டும். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்து, சிறை நூலகங்களுக்காகப் பொதுமக்களிடம் துறையே புத்தகம் கேட்டு வாங்கியது. பாராட்ட வேண்டிய செயல். நம் நண்பர்களும் கொடுத்தார்கள். ஆனால் நூலகத்துக்கு நாம் கொடுக்கும் ஆயிரம் நூலும், இன்னாருக்கு என்று பெயரெழுதித் தாய் அனுப்பும் ஒரு நூலும் ஒன்றாகா. முன்னது கொடை. பின்னது அந்தப் பையனை ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி.

துறை தானாக மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் பகுதியில் உறவினரோ மாணவரோ சிறையில் இருப்பவர்கள் செய்யக் கூடியவை சில உண்டு. சிப்பத்துக்குள் நூற்பட்டியல் ஒன்றை வைத்து, அதன் நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்த நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் இல்லையென்றால் கண்காணிப்பாளருக்குக் காரணம் கேட்டு எழுத வேண்டும். அப்போதும் மௌனம் என்றால், காவலில் இருப்பவர் எவரும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். நம் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கு மேல், 2004 ஜூலை முதல் மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. ரிட் மனுவுக்காகச் சென்னை வரை போன காலம் முடிந்துவிட்டது.

வழக்கு வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம்: கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தச் சிறைக்கு வந்து திருப்பி அனுப்பப்பட்ட நூல்கள், இதழ்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் பதிவுசெய்யப்பட்ட காரணம் என்ன? முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். அப்படி ஒரு பதிவேடே இல்லை என்று பதில் வருமானால், அந்தப் பதிலைக் கொண்டே மதுரைக் கிளையில் வழக்குத் தொடங்கலாம்.